விடிலிக்குள் ஆவி போகும் வழி

பங்குனி பிறந்துவிட்டால் உடன்குடி, திசையன்விளை பக்கத்துச் செம்மணல் தேரிக்காடுகளில் காலை எட்டு மணிக்கெல்லாம் புகை எழும். பனைகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த தாழ்வான குடிசைகள் தெரியும். அவைதாம் விடிலிகள். பனையேறி இறக்கி வரும் பதநீரை, எங்கள் பேச்சில் பயினியை, வீட்டுப் பெண்கள் கருப்பட்டியாகக் காய்ச்சும் பட்டறை அது. 1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் கருப்பட்டிக் கணக்கில் இதெல்லாம் நெல்லைச் சீமைதான்.

பாளையில் சொட்டும் நீர் ஒன்றுதான். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றிலும் பாளையிலும் கலயத்தின் நுண்துளைகளிலும் ஈஸ்ட் எப்போதும் இருக்கிறது. அது சர்க்கரையை உடைத்துச் சில மணி நேரத்திலேயே சாராயமும் கரியமில வாயுவும் ஆக்கிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் முடங்கிக் கிடக்கும். சுண்ணாம்பு குறைந்துபோனால் சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோசாகவும் ஃபிரக்டோசாகவும் பிரிந்துவிடும். அப்புறம் எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி சரியாக இறுகாது, இளகியே நிற்கும்.

பீரோ சாராயமோ ஆக்கும் சிறு ஆலையும் விடிலியும் தொடக்கத்தில் கேட்கும் கேள்வி ஒன்றே: உள்ளே உண்டாகும் ஆவியும் வாயுவும் எந்த வழியாக வெளியேறும்? விடை மட்டும் தலைகீழ். காற்றின் சராசரி மூலக்கூறு எடை 29. நொதிக்கும் தொட்டியில் கிளம்பும் கரியமில வாயுவுக்கு 44, சாராய ஆவிக்கு 46. இரண்டும் காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு தேங்கும். அதனால்தான் அத்தகைய ஆலைகளில் காற்றை உறிஞ்சும் வழியைத் தரைமட்டத்தில் வைப்பார்கள். கழுவும் நீர் தேங்காதபடி தரையைச் சரிவாகப் போடுவார்கள். சாராய ஆவி தீப்பற்றும், ஆகவே சாராயம் காய்ச்சி வடிக்கும் வாலை அறையில் ஒரு பொறிகூட எழக்கூடாது. விடிலியில் உண்டாவது நீராவி. அதன் எடை 18-தான், சூடும் சேர்ந்துகொள்வதால் நேரே முகட்டுக்கு ஏறும். வழி மேலேதான் வேண்டும்.

எவ்வளவு ஆவி என்று கணக்குப் போட்டால் கூரையின் அருமை புரியும். ஏறக்குறைய 8 லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலையில் 40 லிட்டர் காய்ச்சினால் 5 கிலோ மிஞ்சும். மற்ற 35 லிட்டரும் ஆவியாகிப் போகவேண்டும். ஒரு லிட்டர் நீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் பிடிக்கும். 35 லிட்டருக்கு அறுபது கனமீட்டர். பன்னிரண்டுக்குப் பத்தடி விடிலி ஒன்றின் உள்வெளியே இருபத்து நான்கு கனமீட்டர்தான் இருக்கும். குடிசை முழுக்க இரண்டரை முறை நிரம்பும் அளவு ஆவி!

ஓலைக்கூரை இதை அமைதியாகச் செய்துவிடுகிறது. அடுக்கடுக்காகச் சாத்திய ஓலைகளுக்கிடையே ஆயிரம் சிறு சந்துகள் இருக்கும். மழை வழிந்து கீழே போகும், ஆவி கசிந்து மேலே போகும். ஓலை சூட்டை எளிதில் கடத்தாது என்பதால் அதன் அடிப்பக்கம் குளிர்ந்து கிடப்பதில்லை, ஆவியும் அவ்வளவாக அதில் நீர்கோக்காது.

இப்போது பல இடங்களில் தகரம் வந்துவிட்டது. ஓலை வேய ஆள் கிடைப்பதில்லை என்பது உண்மை, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் காலை வேளையில் ஆவியைவிடத் தகரம் குளிர்ச்சி. ஆவி அதில் பட்டதும் முத்து முத்தாக நீர்கோத்து, காய்ச்சும் சட்டியிலும், ஆறவைத்த சிரட்டைகளிலும் சொட்டுகிறது. ஈரத்தை ஈர்க்கும் கருப்பட்டிக்கு இது நஞ்சு. ஒரு தகரக் கொட்டகையில் பாட்டி ஒருத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “ஏல தம்பி, ஆவி மேல போவணும்லா. இங்க மூஞ்சியில அடிக்கி, திரும்பிச் சட்டிக்குள்ளயே விழுது.” கொட்டகையின் அறிவியல் முழுவதும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

புதிதாகக் கொட்டகை போடுகிறவர்கள் முகட்டில் நீளவாக்கில் ஒரு சாண் இடைவெளி விட்டு, அதன்மேல் சிறு தொப்பிக்கூரை வைத்தால் போதும். பக்கச்சுவரின் அடியிலும் திறப்பு வேண்டும். கீழிருந்து காற்று நுழைந்தால்தான் மேலே ஆவி தள்ளப்படும். தகரத்துக்கு அடியில் ஓலைக்கீற்று ஒரு அடுக்கு சாத்தினால் சொட்டுவதும் வெகுவாகக் குறையும்.

வாசல் கிழக்கே இருப்பது நல்லது என்பது என் எண்ணம். காலை வெயில் சாய்வாகச் சட்டிமேல் விழும்போது நுரையின் நிறம் மாறுவது தெளிவாகத் தெரியும். பதநீர் பாகாகக் கெட்டிப்படும் கூப்பனிப் பருவம் தாண்டினால் கொதிநிலை 110 டிகிரிக்கு மேல் போய்விடும், அப்போது கண் பிசகினால் அடிபிடிக்கும். நுரை பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றைப் போடுவார்கள். அதிலுள்ள எண்ணெய் நுரைக்குமிழின் மெல்லிய தோலுக்குள் புகுந்து அதை உடைத்துவிடும். பிறகு ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். உருண்டு நின்றால் பதம். சட்டியை இறக்கி, துடுப்பால் கிண்டி, சிரட்டையில் ஊற்றவேண்டியதுதான்.