தலைமாட்டில் கறுத்த சோபா

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு சோபாவுக்கு ஆறு வயது. உட்காரும் இடம் இன்றும் புதுசு மாதிரிதான் இருக்கிறது. தலை சாய்க்கும் இடம் மட்டும் கறுத்து, விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இத்தனைக்கும் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் துணியில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவார். "தோல்தானே, எண்ணெய் பட்டாத்தான் வெடிக்காம இருக்கும்" என்பது அவர் கணக்கு. குதிகாலுக்குச் சரியான கணக்குதான்.

ராணிப்பேட்டையில் டேனரி (தோல் பதனிடும் ஆலை) ஒன்றில், பூச்சு அடிக்கும் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா, போன மாதம் வந்தபோது அந்த இடத்தை நகத்தால் லேசாகச் சுரண்டினார். பழுப்பாக ஏதோ சுருண்டு வந்தது. "இது அழுக்கு இல்லக்கா, பெயிண்ட்டு. நீ தோலுக்கு எண்ணெய் வெக்கல, பெயிண்ட்டுக்கு வெச்சிருக்க" என்றார்.

பெரும்பாலான சோபாக்களில் நம் கை படுவது தோலின் மேல் அல்ல. அதன் மேல் தெளித்து உலர்த்திய அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் பூச்சின் மேல். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடப் பல நேரம் இருக்காது. நிறம், பளபளப்பு, தண்ணீர் ஊறாத குணம் எல்லாம் அதனுடையவை. உங்கள் வீட்டு சோபா எந்த ரகம் என்று பார்க்க, கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு இல்லாத தோல். அதற்கு ஈரத்துணியே யோசித்துத்தான்.

அப்படியானால் தோலுக்கு எண்ணெயே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது டேனரியிலேயே முடிந்துபோன வேலை. பறை அடிப்பவர்கள் வாசிப்பதற்கு முன் தீ மூட்டிப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். பறையில் இருப்பது பதனிடாத தோல். அதன் கொலாஜன் என்ற புரத இழைகளுக்கு நடுவே உள்ள ஈரம் சூட்டில் போகப்போக, இழைகள் நெருங்கி விறைக்கின்றன; பறை கணீரென்று பேசுகிறது. பறைக்கு அழகான அந்த விறைப்பு சோபாவுக்கு ஆகாது. ஆகவே டேனரியில் இரண்டு வேலை செய்கிறார்கள். முதலில் பதனிடுதல். முன்பு ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறவைத்தார்கள். இப்போது பெரும்பாலும் குரோமியம் உப்போடு டிரம்மில் போட்டுச் சுற்றுகிறார்கள், ஒரு நாளில் முடிகிறது. குரோமியம் இழைகளைக் குறுக்கே பிணைத்துவிடும். பதனிடாத ஈரத்தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டுவிடும். குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். இரண்டாவது வேலைதான் எண்ணெய். தோல் நனைந்து இழைகள் விலகியிருக்கும்போதே, தண்ணீரில் பால் போலக் கலக்கிய எண்ணெயை உள்ளே ஏற்றுகிறார்கள். அது ஒவ்வொரு இழையையும் சுற்றிப் படிந்து, காய்ந்த பிறகும் ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. பூச்சு அதற்கெல்லாம் பிறகுதான்.

பூச்சுக்கு மேலே நாம் தடவும் எண்ணெய்க்கு உள்ளே போக வழியில்லை. மேலேயே நின்று, பூச்சுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஊறி அதை இளக்கும். இளகிய பூச்சில் தூசி ஒட்டும். தலைமாட்டில் இது ஏன் அதிகம் என்று இப்போது தெரிந்திருக்கும்: அம்மா வாரம் ஒருமுறை தடவுவதை, எண்ணெய் வைத்த தலைகள் தினமும் தடவுகின்றன. வியர்வையும் சருமக் கொழுப்பும் சேர்ந்துகொள்கின்றன. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்கு மேல் உருகிவிடும். வேலூர் வெயிலுக்குப் பெரும்பாலும் உருகியேதான் இருக்கும்; ஊறுவதற்கும் வசதி.

சரி, எதைக்கொண்டு துடைப்பது? பதனிட்ட தோல் அமிலப் பக்கம், பி.எச். சுமார் 3.5 முதல் 5 வரை. குளியல் சோப்பு 9, 10 என்று காரப் பக்கம். விரிசல் வழியாகச் சோப்பு உள்ளே இறங்கினால், பதனிட்ட பிணைப்பையும் எண்ணெயையும் தளர்த்தப் பார்க்கும். போதாததற்கு, போர் தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தோடு சோப்பு சேர்ந்தால் வெள்ளைத் திரை படியும். டேனரிக் கழிவால் பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் கெட்டது உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பு வந்த வழக்கு. தோல் பதனிட்டுப் பேர் வாங்கிய சீமையில், தோலைத் துடைக்கப் போர் தண்ணீர் ஆகாமல் கேன் தண்ணீர்! குழந்தைகளுக்கான மிதமான ஷாம்பு சில சொட்டு விட்டு நுரைத்து, நுரையை மட்டும் துணியில் எடுத்துத் துடைத்து, வேறு ஈரத்துணியால் ஒற்றி, ஃபேன் காற்றில் உலரவிட்டால் போதும். பேனா மைக் கறையை எடுக்கிறேன் என்று சானிடைசர், நகப்பூச்சு நீக்கி பக்கமே போகவேண்டாம். மையோடு சோபாவின் நிறமும் கிளம்பிவரும்.

காட்பாடியில் அண்ணன் வீட்டு வெளிர்நிற சோபாவில் சாம்பார் கொட்டியது. அண்ணி பதறிப்போய்த் துணி சோப்பால் தேய்க்க, மஞ்சள் கறை இரத்தச் சிவப்பாகிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை, ஆரத்தித் தட்டில் நடப்பதுதான். மஞ்சளின் குர்க்குமின் சுண்ணாம்பிலோ சோப்பிலோ உள்ள காரம் பட்டால் சிவக்கும். சோப்பு போகத் தண்ணீரால் ஒற்றியதும் மீண்டும் மஞ்சளானது. குர்க்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. சோபாவை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு, காலை வெளிச்சம் மட்டும் படவிட்டார்கள். நாலைந்து நாளில் தேடினால்தான் தெரியும் அளவுக்கு மங்கியது. அப்புறம் உடனே பழைய இடத்துக்கு நகர்த்தியாயிற்று. நம்மூர் கத்திரி வெயில் தோலின் ஈரத்தைக் குடித்துப் பறைத்தோல் பக்கம் தள்ளிவிடும். மேற்கு ஜன்னல், ஏசி காற்று நேரே அடிக்கும் இடம் இரண்டும் சோபாவுக்கு ஆகாது.

செதில் செதிலாக உரிகிறதென்றால் அது அநேகமாக ரெக்சின். துணிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் ஈரக்காற்றில் சிதைந்து உதிர்கிறது. அதற்கு எந்த கிரீமும் மருந்தில்லை.

எங்கள் தலைமாட்டுக்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. இளகிய பூச்சை எடுத்துவிட்டுப் புதிதாகத் தெளிக்க வேண்டும் என்று மாமா சொல்லிவிட்டார். அதற்கு ஆள் வரும்வரை தலைமாட்டில் தாத்தாவின் ஈஸிசேர் பாணியில் ஒரு வெள்ளைத் துண்டு கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அம்மா அதைத் துவைத்துப் போடுகிறார். எண்ணெய்க் கிண்ணம் சாமி அறைக்கே திரும்பிவிட்டது.