எந்த மெஷினும் உங்கள் குப்பையைப் பிரித்துத் தராது

முகூர்த்த மாதம் வந்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். சாப்பாட்டுக் கழிவில் ஓடுகிற பயோகேஸ் பிளான்ட்களுக்குப் பராமரிப்பு பார்ப்பது என் வேலை, கல்யாண மண்டபங்களில் இருந்து வரும் லோடுதான் அதற்குப் பெரிய தீனி. சமீபத்தில் மறுபடியும், கழிவைப் புளிக்க வைத்து கேஸ் எடுக்கிற டாங்க் ஒன்று நின்றுபோய்த் திறக்க வேண்டியதாயிற்று. உள்ளே கலக்கியின் தண்டைச் சுற்றித் தொடை பருமனுக்கு நைலான் நூல். எல்லாம் பூமாலை கட்டிய நூல், அதற்குள் சிக்கிய ஜிகினா, தண்ணீர் பாட்டில் மூடி, ஊறுகாய் பாக்கெட், ஐஸ்கிரீம் ஸ்பூன். கையால் பிய்த்து எடுக்க முடியாமல் ஹேக்ஸா பிளேடு வைத்து அறுத்தோம்.

டாங்கைத் திறப்பது பானை மூடியை எடுக்கிற வேலை இல்லை. கேஸை முழுக்க வெளியேற்றி, ஹைட்ரஜன் சல்ஃபைடு என்கிற விஷவாயு எவ்வளவு இருக்கிறது என்று அளந்த பிறகுதான் ஆளை இறக்கலாம். அவசரப்பட்டால் உயிர் போகும். அப்புறம் மூடிச் சாணக் கரைசல் ஊற்றி, கிருமிகள் பெருகி, பழையபடி கேஸ் வருவதற்கு வாரக்கணக்கில் ஆகும். நல்ல சாப்பாட்டுக் கழிவு ஒரு டன் போட்டால் சுமார் 100 கன மீட்டர் கேஸ் வரும், கிட்டத்தட்ட இரண்டு கமர்ஷியல் சிலிண்டருக்கு ஈடு. அது அத்தனை நாளும் போச்சு.

இதைச் சொல்லி, குப்பையை வீட்டிலேயே பிரித்துக் கொடுங்கள் என்றால் எல்லோரும், படித்தவர்கள் உட்பட, ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "இப்பதான் புது டெக்னாலஜி வந்திடுச்சே சார், மெஷினே பிரிச்சுக்காதா?" பிரித்துக்கொள்ளாது. திரும்பச் சொல்கிறேன், பிரித்துக்கொள்ளாது. டிராமல் என்கிற சுழலும் சல்லடை, அளவை வைத்துத்தான் பிரிக்கும்; வாழைப்பழத் தோலும் அதே அளவு பிளாஸ்டிக் துண்டும் அதற்கு ஒன்றுதான். காந்தம் இரும்பை மட்டும் எடுக்கும். ஒளியை வைத்துப் பிளாஸ்டிக் ரகத்தைக் கண்டுபிடிக்கிற மெஷின்கள் இருக்கின்றன, உண்மைதான், அவை காய்ந்த குப்பையில் நன்றாக வேலை செய்யும். சாம்பார் சாதம் அப்பிய பால் கவரை அதனிடம் காட்டினால் என்ன செய்யும்? நீங்கள் வாசலில் கலந்த குப்பை லாரியில் ஒருமுறை நசுங்கியதுமே கதை முடிந்தது. பேப்பர் ரசத்தில் ஊறிவிடும், பழைய பேப்பர்காரர்கூட வாங்க மாட்டார். கண்ணாடித் தூள் சோற்றுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு கோடி ரூபாய் மெஷின் வைத்தாலும் அரைகுறையாகத்தான் பிரியும்.

"அப்போ எரிச்சு கரன்ட் எடுங்க" என்பது அடுத்த பதில். டெல்லி திமார்பூரில் 1987-லேயே டென்மார்க் உதவியோடு ஒரு நாளைக்கு 300 டன் எரிக்கிற உலை கட்டினார்கள். சோதனை ஓட்டத்தோடு சரி. வந்த குப்பையில் ஈரமும் மண்ணும் அதிகம், எரியும் சூடு போதவில்லை. நம் ஊர்க் குப்பையில் பாதிக்குப் பாதி சமையலறைக் கழிவு. அதில் இருக்கிற தண்ணீரைக் காய வைக்கவே சூடு செலவாகிவிட்டால் கரன்டுக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் 2016 திடக்கழிவு விதிகளில், மறுசுழற்சி செய்ய முடியாத, கிலோவுக்கு 1500 கிலோ கலோரிக்கு மேல் சூடு தருகிற குப்பையை எரிசக்திக்கு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எரித்தாலும் சாம்பல் மிஞ்சும், அதில் புகைபோக்கி வடிகட்டியில் பிடிபடுகிற சாம்பலில் நச்சு உலோகங்கள் இருக்கும், அதைப் பத்திரமாகப் புதைக்க ஓர் இடம் வேண்டும். சென்னை கொடுங்கையூர் மக்கள் எரி உலை வேண்டாம் என்று ரோட்டுக்கு வந்தார்களே, அவர்களை வளர்ச்சிக்கு எதிரி என்று திட்டுவதற்கு முன்னால் இதையும் யோசியுங்கள்.

பெருங்குடியில் நடந்த பயோமைனிங்கைக் காட்டி "குப்பை மலையே காணாமப் போச்சே" என்பார்கள். அது பழைய குப்பையைக் கிளறிச் சலித்துப் பிரிக்கிற வேலை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இத்தனை வருஷம் கொட்டிய பாவத்தைக் கழுவுவதற்கு அது வேண்டும்தான். இன்று காலை நீங்கள் போட்ட குப்பைக்கு அது வழி இல்லை. சலித்ததில் எரியக்கூடியது சிமென்ட் ஆலைக்குப் போகும், அங்கேயும் ஃப்ளெக்ஸ் பேனர் கலந்து போனால் தகராறு: அது பிவிசி என்கிற பிளாஸ்டிக், அதில் இருக்கிற குளோரின் சூளைக்குள் கட்டி கட்டியாகப் படிந்து அடைத்துக்கொள்ளும். பிறந்தநாள் வாழ்த்து பேனர் வைக்கிற அண்ணன்களுக்கு இதை யார் சொல்வது?

இந்தூரில் 2022-ல் திறந்த, குப்பை கேஸை வண்டி எரிபொருளாக்குகிற பயோ சிஎன்ஜி பிளான்ட் ஒரு நாளைக்கு 550 டன் ஈரக் குப்பையைத் தாங்கும்படி கட்டியது. நம் ஆட்கள் போய் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துவருகிறார்கள். அந்த ஊர்த் தெருக்களில் வீட்டு வாசலிலேயே குப்பையைத் தனித்தனியாக வாங்குகிறார்களே, அதைப் படமெடுத்து வந்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

"நாங்க பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தானே கொட்டுறாங்க?" சில இடங்களில் நடக்கிறது, மறுக்கவில்லை. பார்த்தால் மாநகராட்சிக்குப் புகார் கொடுங்கள், அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை போடுங்கள். அதைச் சாக்காக வைத்து நீங்களும் கலக்காதீர்கள்.

சரி, செய்ய வேண்டியது. ஈரக் குப்பையைக் கவரில் கட்டிப் போடாதீர்கள், பச்சை வாளியில் அப்படியே கவிழ்த்துவிடுங்கள். "மக்கும் பை" என்று அச்சடித்ததும் வேண்டாம்: அந்தப் பைகள் பெரிய உரக்கிடங்கின் 58 டிகிரி சூட்டில் மக்குவதற்காகச் செய்தவை. என் டாங்க் 37 டிகிரி, அதில் அந்தப் பை ஜாலியாக மிதந்துகொண்டிருக்கும். பழைய செல்போன் பேட்டரி, பவர் பேங்க், பாட்டுப் பாடும் பொம்மை எதுவும் குப்பைத்தொட்டிக்கே வரக்கூடாது, அரைக்கிற மெஷினில் லித்தியம் பேட்டரி நசுங்கினால் அங்கேயே தீ. மண்டபம் எடுப்பவர்கள் மாலையை வாழை நாரில் கட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள், பூக்காரருக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தால் குறைந்துபோக மாட்டீர்கள்.

நாப்கின், டயப்பர் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பேப்பரில் சுற்றி, மேலே சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். பெல்ட்டில் ஓடி வருகிற குப்பையிலிருந்து அதைக் கையால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் பெண்கள்தான், கிளவுஸ் கிழிந்திருந்தாலும் அவர்கள்தான் எடுக்கிறார்கள்.

தேங்காய்ச் சிரட்டையையும் ஈரக் குப்பையில் சேர்க்காதீர்கள், எந்தக் கிருமியும் அதை எங்கள் டாங்கில் செரிக்காது. ஒரு சாக்கில் போட்டு வையுங்கள், தெருமுனையில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுகிறவர் இருந்தால் சந்தோஷமாக வாங்கிப் போவார்.