பசங்கள புடிக்கறது இருக்கட்டும், முதல்ல நம்ம போனுக்குள்ள பாப்போம்

நீலகிரியில டீச்சர்களுக்கு ட்ரெயினிங் எடுக்கறது என் வேலை. ஊட்டி, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்னு எந்த ஹால்ல போய் நின்னாலும் ஏஐன்னு போர்டுல எழுதின உடனே வர்ற முதல் கேள்வி ஒண்ணுதான். பசங்க அதுல பாத்து எழுதிட்டு வர்றாங்களே சார், எப்படி புடிக்கறது? ரெண்டாவது கேள்வியும் அதேதான், கொஞ்சம் கோவமா கேப்பாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

அதனால அதையே முதல்ல பேசி முடிச்சுடறேன். உறுதியா புடிக்க முடியாது. இது மெஷின் எழுதினதா மனுஷன் எழுதினதான்னு சொல்றோம்னு நெறைய வெப்சைட் இருக்கு, சதவீதம் எல்லாம் போட்டு காட்டும், நம்பி யாரையும் ஹெச்.எம். ரூமுக்கு கூட்டிட்டு போயிடாதீங்க. சாட்ஜிபிடிய செஞ்ச ஓபன்ஏஐ கம்பெனியே 2023 ஜனவரியில அப்படி ஒரு கருவி விட்டாங்க, ஏஐ எழுதினதுல 26 சதவீதத்த தான் அது சரியா கண்டுபிடிக்குதுன்னு அவங்களே சொன்னாங்க, துல்லியம் பத்தலன்னு அதே வருஷம் ஜூலையில இழுத்து மூடிட்டாங்க. செஞ்சவங்களுக்கே தெரியல, நமக்கு எப்படி தெரியும்?

இதுல நம்ம பசங்களுக்கு ஒரு தனி ஆபத்து இருக்கு. 2023-லயே ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள், இங்கிலீஷ தாய்மொழியா பேசாத மாணவங்க டோஃபல்ங்கற இங்கிலீஷ் தேர்வுக்கு சொந்தமா எழுதின 91 கட்டுரைய எடுத்து இந்த மாதிரி 7 கருவிக்குள்ள போட்டு பாத்தாங்க, சராசரியா பாதிக்கு மேல ஏஐ எழுதினதுன்னு வந்துடுச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். தெரிஞ்ச கொஞ்ச வார்த்தைய வச்சு, எதிர்பார்த்த மாதிரியே வர்ற வாக்கியம் எழுதினா அந்த கருவிகளுக்கு அது மெஷின் மாதிரி தெரியுது. வீட்டுல படுகர்களோட படுகு மொழி பேசி, ரோட்டுல தமிழ் பேசி, க்ளாஸ்ல மட்டும் இங்கிலீஷ் எழுதற பொண்ணு எப்படி எழுதும்? கைடுல மனப்பாடம் பண்ண வாக்கியத்த தான் எழுதும். மாட்டறது அந்தப் பொண்ணு, நல்லா விவரம் தெரிஞ்ச பையன் ரெண்டு வார்த்தைய மாத்தி போட்டுட்டு தப்பிச்சுடுவான்.

இன்னும் சிலபேர் அந்த ஏஐகிட்டயே "இத நீதான் எழுதினியா"ன்னு கேக்கறாங்க. டெக்சாஸ்ல ஒரு காலேஜ் வாத்தியார் 2023 மே மாசம் இப்படித்தான் பசங்க எழுதினத ஒட்டி ஒட்டி கேட்டு, அது ஆமா ஆமான்னு சொன்னத நம்பி மார்க்க நிறுத்தி வச்சு உலகம் பூரா செய்தியாயிடுச்சு. அடுத்தவங்களுக்கு எழுதிக் குடுத்தத ஞாபகம் வச்சு பதில் சொல்ற வேலையே அதுக்கு இல்ல, கேக்கற கேள்விக்கு ஏத்த மாதிரி ஒண்ணு சொல்லும்.

பையன் எழுதிட்டு வந்தான்னா கூப்பிட்டு உக்கார வச்சு ரெண்டு நிமிஷம் அதையே வாயால சொல்ல சொல்லுங்க. ரஃப் நோட்ட காட்ட சொல்லுங்க. 40 பேர் க்ளாஸ்ல யார் எப்படி எழுதுவாங்கன்னு அரையாண்டுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சுடும், அத மிஞ்சின கருவி ஒண்ணும் இல்ல.

இது பசங்க கதை. நான் எழுத வந்தது நம்ம கதைய.

ட்ரெயினிங்ல டீ ப்ரேக்குக்கு அப்புறம் நான் திருப்பி ஒரு கேள்வி கேப்பேன், போன மாசம் நீங்க இதுக்குள்ள என்னென்ன போட்டீங்கன்னு. மொதல்ல யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அப்புறம் ஒவ்வொண்ணா வரும். மார்க் லிஸ்ட்ட போட்டோ புடிச்சு போட்டு அனாலிசிஸ் கேட்டேன் சார். ஸ்லோ லேர்னர்ஸ் பேர் எல்லாம் போட்டு ரெமடியல் ப்ளான் வாங்கினேன். ஸ்காலர்ஷிப் லிஸ்ட்ட டைப் அடிக்க சொன்னேன். அந்த லிஸ்ட்ல என்ன இருக்கும்னு யோசிங்க, பேரு, எமிஸ் நம்பர் (கல்வித்துறை ஒவ்வொரு புள்ளைக்கும் குடுக்கற நம்பர்), அப்பா பேரு, ஜாதி, ஆதார், பேங்க் அக்கவுண்ட், போன் நம்பர். எல்லாம் ஒரு ஃப்ரீ ஆப்புக்குள்ள போயாச்சு. செட்டிங்ஸ்ல போய் நீங்களா நிறுத்தலன்னா பல ஃப்ரீ ஆப்கள் நம்ம பேசறத அவங்களோட அடுத்த ஏஐ மாடல பழக்கறதுக்கு எடுத்துக்கும்.

மலையில இது இன்னும் கொஞ்சம் நுணுக்கமான விஷயம். பணியர், குறும்பர், இருளர்னு பழங்குடி புள்ளைங்க படிக்கற ஸ்கூல்ல இருக்கறவங்களுக்கு, பரம்பரையா வர்ற சிக்கிள் செல்ங்கற ரத்த வியாதி பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2023 ஜூலையில மத்திய அரசு அதுக்குன்னு ஒரு ஒழிப்புத் திட்டமே ஆரம்பிச்சாங்க, டெஸ்ட் எடுத்தா கார்டு வரும், எந்த புள்ளைக்கு இருக்குன்னு டீச்சருக்கும் தெரிய வரும். அந்தப் புள்ள அடிக்கடி லீவு போடுது, அப்பா அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதணும், நல்ல மனசோடதான் ஒரு டீச்சர் பேரு, ஊரு, வியாதி எல்லாம் போட்டு எழுதித் தர சொல்றாங்க. லெட்டர் அழகாத்தான் வந்துச்சு. ஆனா அந்த சின்ன ஊருல அந்தப் பேருல அந்த வயசுல ஒரே ஒரு புள்ளதான் இருக்கும், அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு கல்யாணப் பேச்சு வரைக்கும் கூட வர்ற விஷயம் அது, எங்க போய் உக்காந்திருக்குன்னு நமக்கு தெரியாது.

சட்டமும் இருக்கு. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல 18 வயசுக்கு கீழ இருக்கற எல்லாரும் குழந்தைங்க, பெத்தவங்க சம்மதம் இல்லாம அவங்க விவரத்த கையாளக் கூடாதுங்கறது அடிப்படை. ப்ளஸ் டூ பையனும் இதுல அடக்கம். சட்டத்த காட்டி பயமுறுத்த நான் வரல, பழக்கத்த மாத்திக்கறது ரொம்ப ஈசி. பேருக்கு பதிலா மாணவர் 1, மாணவர் 2ன்னு போடுங்க. போட்டோவ போடாதீங்க, மார்க்க மட்டும் டைப் பண்ணுங்க. ஊர், ஜாதி, வியாதி, குடும்ப விஷயம் எதுவும் வேணாம். லெட்டருக்கு "அடிக்கடி விடுப்பு எடுக்கும் மாணவியின் பெற்றோருக்கு"ன்னு கேட்டாலே போதும், பேர நாம பேனாவுல எழுதிக்கலாம்.

அடுத்தது அது குடுக்கறத நாம எப்படி வாங்கறோம்ங்கறது. இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிய வைக்க நான் ஸ்லைடு எல்லாம் போடறதில்ல. போர்டுல "ஆடிப்பட்டம் தேடி"ன்னு எழுதிட்டு நிறுத்துவேன், ஹால் மொத்தமும் "விதை"ன்னு கத்தும். கீழ "நம்ம ஸ்கூல் ஆரம்பிச்ச வருஷம்"னு எழுதிட்டு நிறுத்துவேன், சத்தமே வராது, ஏன்னா யாருக்கும் தெரியாது. நாம நிறுத்துவோம், அது பெரும்பாலும் நிறுத்தாது. படிச்ச கோடிக்கணக்கான பக்கத்துல எதுக்கப்புறம் எது வந்துச்சோ அதை வச்சு அடுத்த துண்டு என்னவா இருக்கும்னு கணிச்சு போட்டுட்டே போறதுதான் அதோட வேலை, தெரிஞ்ச இடத்துலயும் தெரியாத இடத்துலயும் ஒரே தொனி. இப்ப நெட்டுல தேடிப் பாத்து சொல்றதும் இருக்கு, அப்பயும் தேடினதுல தப்பு இருந்தா தப்புதான் வரும்.

அதனால நான் எல்லாரையும் அவங்கவங்களுக்கு நல்லா தெரிஞ்சத கேக்க சொல்லுவேன். மலை ரயில் பத்தி கேட்டா மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 1899, ஊட்டிக்கு 1908, யுனெஸ்கோ பட்டியல்ல 2005, இதெல்லாம் பெரும்பாலும் சரியா வருது, ஏன்னா அதப்பத்தி ஊர்ப்பட்டது எழுதி வச்சிருக்காங்க. ரயில் பத்தி கேட்ட ஒருத்தரே அடுத்த கேள்வியா படுகுல ஒரு தாலாட்டு கேட்டாரு. கன்னடத்தையும் தமிழையும் பிசைஞ்சு ஒண்ணு குடுத்துச்சு பாருங்க, கோத்தகிரி பக்கத்து டீச்சர் ஒருத்தங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, எங்க பாட்டி கேட்டா அடிப்பாங்கன்னாங்க. படுகுல எழுத்துல இருக்கறதே கம்மி, தோடர்களோட தோடா மொழி பேசறவங்க மொத்தமே ரெண்டாயிரம் பேர் அளவுதான், அதெல்லாம் அது எங்க படிச்சிருக்கும்? ஆனா தெரியாதுன்னு மட்டும் பெரும்பாலும் சொல்ல மாட்டேங்குது. நம்ம ஊர் பண்பாடுன்னு ஒரு ப்ராஜெக்ட் குடுத்து புள்ளைங்க இத பாத்து எழுதிட்டு வந்தா, அந்த தப்பு நம்ம கையெழுத்தோட சுவத்துல தொங்கும். பாட்டிகிட்ட போய் கேட்டு எழுதிட்டு வான்னு சொல்றது இந்த விஷயத்துல ஆயிரம் மடங்கு மேல்.

கணக்குலயும் இப்படி ஒண்ணு. சதவீதம் நடத்த தேயிலையை வச்சு கணக்கு போட்டுக் குடுன்னு ஒரு சார் கேட்டாரு, ஐடியா பிரமாதம். "ஒரு விவசாயி 10 கிலோ பச்சை இலை பறித்தார், அதில் 8 கிலோ தேயிலைத் தூள் கிடைத்தது எனில்"னு வந்துச்சு. விடை எல்லாம் சரி. ஆனா நம்ம பக்கம் பாதி புள்ளைங்க வீட்டுல ஒரு ஏக்கராவது தோட்டம் இருக்கு, இல்லன்னா அம்மா எஸ்டேட்டுக்கு போறாங்க. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ இலை வேணும்னு எட்டாவது படிக்கறவனுக்கு தெரியும், 8 கிலோ வந்தா எங்கப்பா கடனெல்லாம் அடைச்சிருப்பாருன்னு சொல்லுவான். அந்த சார் அதையே பாடமா ஆக்கிட்டாரு, இந்தக் கணக்குல என்ன தப்புன்னு புள்ளைங்கள கண்டுபிடிக்க விட்டு, அவங்களே சரியான அளவு போட்டு புதுசா கணக்கு எழுதினாங்க. ஏஐய க்ளாஸ்ல பயன்படுத்தறதுன்னா எனக்கு தெரிஞ்சு இதவிட நல்ல உதாரணம் கிடைக்கல.

படம் இன்னும் மோசம். பழங்குடி குழந்தை படம்னு கேட்டுப் பாருங்க, தலையில இறகு, இடுப்புல இலை, கையில வில்லு. க்ளாஸ்ல மூணாவது பெஞ்சுல ஸ்வெட்டர் போட்டுட்டு மூக்க உறிஞ்சிட்டு உக்காந்திருக்கற காட்டுநாயக்கர் பையன் அந்த ஒர்க்‌ஷீட்ட பாத்தா என்ன நெனப்பான்? பக்கத்துல இருக்கறவன் என்ன சொல்லி கிண்டல் பண்ணுவான்? அந்தப் படத்த போடவே போடாதீங்க, நாமளே நம்ம ஸ்கூல் சுவத்த, மரத்த, கிரவுண்ட போட்டோ எடுத்து போட்டா போதும், புள்ளைங்க முகம் தெரியாம.

வயசு விஷயம் நெறைய பேருக்கு தெரியல. சாட்ஜிபிடியோட சொந்த விதியே 13 வயசு ஆகணும், 18 வரைக்கும் பெத்தவங்க அனுமதி வேணும்ங்கறதுதான். யுனெஸ்கோ 2023 செப்டம்பர்ல விட்ட வழிகாட்டியிலயும் 13ங்கற வரம்பத்தான் சொல்லியிருக்காங்க. ஆறாவது, ஏழாவது புள்ளைங்கள அக்கவுண்ட் ஓப்பன் பண்ண சொல்லாதீங்க, வேணும்னா ஸ்மார்ட் போர்டுல நீங்க திறந்து, நீங்க டைப் பண்ணி, எல்லாருமா சேந்து அது சொல்றத குறை கண்டுபிடிங்க. ஆனா ஒண்ணு, வாட்ஸப்புக்குள்ளயே மெட்டா ஏஐ அந்த நீல வளையமா வந்து உக்காந்தாச்சு, எஸ்டேட் லைன் வீட்டுல அம்மா போன எடுத்து அதுகிட்ட கட்டுரை கேக்கற புள்ள இருக்கு, அம்மாவுக்கு அது என்னன்னே தெரியாது. எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) கூட்டத்துல அஞ்சு நிமிஷம் இதப்பத்தி பேசுங்க, நோட்டீஸ் அடிக்க வேணாம், அந்த வளையத்த போன்ல காட்டினா போதும்.

அப்புறம் சிக்னல். பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை புடிச்சா கரண்ட் போயி ரெண்டு நாள் வராது, ஊட்டி டவுன் புள்ளைக்கு வீட்டுல வைஃபை. ஏஐ இல்லாம முடிக்க முடியாத வீட்டுப்பாடம் குடுக்கறது அநியாயம், அவ்ளோதான், இதுல விவாதிக்க ஒண்ணுமில்ல.

கேரளா பார்டர் பக்கத்துல இருக்கற டீச்சர்கள் ஒரு ஆதங்கத்தோட கேப்பாங்க, அங்க ஸ்கூல் தொழில்நுட்பத்த பாத்துக்கற அரசோட கைட் அமைப்பு 2024 மே மாசம் ஆரம்பிச்சு 80,000 ஆசிரியர்களுக்கு மூணு நாள் ஏஐ பயிற்சின்னு திட்டம் போட்டாங்களாமே, நமக்கு எப்பன்னு. நியாயமான கேள்வி. ஆனா மூணு நாள் வரட்டும்னு காத்திருக்க வேணாம், நம்ம ஸ்டாஃப் ரூம்ல நாமளே பேசி முடிவு பண்ண வேண்டியது நெறைய இருக்கு. உதாரணத்துக்கு, விடைத்தாள ஏஐய வச்சு திருத்தலாமா? எங்கிட்ட கேட்டா, மார்க் போடற வேலைய குடுக்காதீங்க. நம்ம புள்ளைங்க கையெழுத்த அது தப்பா படிக்குது, தமிழ் எழுத்துல இன்னும் தப்பா படிக்குது, ஒரு புள்ளைக்கு ஏன் 3 மார்க் கொறஞ்சுதுன்னு அப்பா வந்து கேட்டா பதில் சொல்ல வேண்டியது நாமதான். மாதிரி வினாத்தாள் போட, ஒரே கதைய ஒண்ணாவதுக்கு ஒரு மாதிரி நாலாவதுக்கு ஒரு மாதிரி மாத்தி எழுதி வாங்க, சர்க்குலருக்கு பதில் டிராஃப்ட் பண்ண, தாராளமா எடுத்துக்கோங்க. ஒரே டீச்சர் அஞ்சு வகுப்ப வச்சுட்டு மேய்க்கற மலை ஸ்கூல்ல அது உண்மையிலயே பெரிய ஒத்தாசை, அத நான் குறைச்சு சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு, பசங்கள மட்டும் எங்க பாத்து எழுதினன்னு கேக்கறோம். நம்ம பாடக்குறிப்புல பாதி எங்கிருந்து வந்துச்சுன்னு நாம சொல்றோமா? ஒரு ஸ்கூல்ல ஹெச்.எம். மேடம் ஒரு ஏற்பாடு பண்ணாங்க, ஏஐ வச்சு தயார் பண்ண ஒர்க்‌ஷீட் எதுவா இருந்தாலும் கீழ "ஏஐ உதவியுடன், சரிபார்த்தவர்"னு போட்டு டீச்சர் கையெழுத்து போடணும். மொதல்ல முணுமுணுத்தாங்க. கையெழுத்து போடணும்னா படிச்சுப் பாத்துட்டுதான போட முடியும், அதுல ஒரு ஒர்க்‌ஷீட்டுல தொட்டபெட்டா உயரம் ஏதோ நம்பர் போட்டிருந்தத 2,637 மீட்டர்னு மாத்தினாங்க. கொஞ்ச நாள்ல புள்ளைங்களும் ப்ராஜெக்ட் கடைசியில அதே மாதிரி ஒரு வரி எழுத ஆரம்பிச்சாங்க, யாரும் சொல்லாமலே.

அடுத்த சி.ஆர்.சி. (பக்கத்து ஸ்கூல் டீச்சர்கள் எல்லாம் கூடற குறுவள மையம்) கூட்டத்துக்கு வர்றவங்க உங்க பாடத்துல உங்களுக்கு சந்தேகமே இல்லாம விடை தெரிஞ்ச பத்து கேள்விய எழுதிட்டு வாங்க, அதுல குறைஞ்சது ரெண்டு உங்க ஊரப் பத்தினதா இருக்கணும். போன்ல சார்ஜ் போட்டுட்டு வாங்க, அந்த ஹால்ல ப்ளக் பாயிண்ட் ரொம்ப கம்மி. மார்க் லிஸ்ட்ட மட்டும் வீட்டுலயே வச்சுட்டு வந்துடுங்க.