மகள் அழுதாள், நாங்கள் தூங்கவில்லை

1688-ஆம் ஆண்டு. சுவிட்சர்லாந்தின் பாசெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த யோஹானஸ் ஹோஃபர் ஓர் ஆய்வேடு எழுதினார். வயது 19. வீட்டை நினைத்து ஏங்கி ஏங்கியே உடம்பு கெட்டுப்போவதைப் பற்றிய ஆய்வு அது. வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயரும் வைத்தார். இன்று பழைய பாட்டு கேட்கும்போதெல்லாம் நாம் சொல்லும் அந்தச் சொல் பிறந்தது ஒரு நோயின் பெயராக.

அவர் எழுதிய நோயாளிகளில் ஒருவர், பேர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞர். காய்ச்சல், படபடப்பு, நாளுக்கு நாள் மோசம். கடைசியில் மருந்து கொடுக்க வந்தவர் ஆளைப் பார்த்துவிட்டு, இது வீட்டு ஏக்கம், ஊருக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லிவிட்டார். அனுப்பினார்கள். பாசெலைத் தாண்டிச் சில மைல் போவதற்குள்ளேயே மூச்சு சீராகத் தொடங்கியது. பேர்ன் போய்ச் சேரும் முன்பே ஆள் தேறிவிட்டார்.

கவனியுங்கள்: அவர் இன்னும் வீட்டைப் பார்க்கவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. வழி திறந்திருக்கிறது என்று தெரிந்ததுமே உடம்பு அடங்கிவிட்டது. பிள்ளையை முதன்முதலாக ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பும் பெற்றோர் நினைவில் வைத்திருக்க வேண்டிய விஷயம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஹோஃபரிடம் இதற்குச் சரியான விளக்கம் இல்லை. அது கிடைக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜான் பவுல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரும், அவரோடு பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த்தும் தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை ஆராய்ந்தார்கள். ஐன்ஸ்வொர்த்தின் சோதனை மிக எளிமையானது. ஒரு வயதை ஒட்டிய குழந்தை, அம்மா, ஒரு புது அறை, சில பொம்மைகள். அம்மா இருக்கும்வரை குழந்தை தவழ்ந்துபோய்ப் பொம்மைகளைக் குடையும், நடுநடுவே திரும்பி ஒரு பார்வை பார்க்கும். அம்மா வெளியே போனால் பல குழந்தைகளுக்கு விளையாட்டு நின்றுவிடும். திரும்பி வந்ததும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அழும். அதன்பின் நடப்பதுதான் முக்கியம்: பிணைப்பு உறுதியாக உள்ள குழந்தை சீக்கிரமே சமாதானமாகி, மறுபடி பொம்மைகளிடம் போய்விடும். ஒட்டிக்கொள்வதும் ஊர் சுற்றுவதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. முதலாவது கிடைத்தால்தான் இரண்டாவது நடக்கிறது.

பதினெட்டு வயதில் பொம்மைகளின் இடத்தில் வகுப்பறை, நூலகம், புது நண்பர்கள். திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையின் இடத்தில் போன்.

அந்த போன் உடம்புக்குள் என்ன செய்கிறது? அமெரிக்காவின் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். 2010-இல் வெளியான அந்த ஆய்வில், 7 முதல் 12 வயதுவரையுள்ள 61 சிறுமிகளை முன்பின் தெரியாதவர்கள் முன்னால் பேசவும் கணக்குப் போடவும் வைத்தார்கள். யாருக்குமே வயிற்றைக் கலக்கும் வேலை. அப்புறம் சிலரை அம்மா வந்து அணைத்துக்கொண்டார். சிலரிடம் அம்மா போனில் பேசினார். மற்றவர்களுக்கு ஒரு திரைப்படம் மட்டும் காட்டினார்கள். போனில் குரல் கேட்டவர்களுக்கும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் இறங்கியது. பிணைப்போடு தொடர்புடைய ஆக்ஸிடோசின், அணைத்துக்கொள்ளப்பட்டவர்களுக்கு ஏறிய அளவுக்குப் பக்கத்திலேயே ஏறியிருந்தது. 2012-இல் அதே குழு குறுஞ்செய்தியையும் சோதித்தது. அம்மாவோடு தட்டச்சில் மட்டும் பேசிய சிறுமிகளின் கார்டிசோல், யாரோடும் பேசாதவர்களுடையதைப் போலவே இருந்தது. ஆக்ஸிடோசின் ஏறவே இல்லை. வார்த்தையைவிட அதைச் சொல்லும் குரலில்தான் சங்கதி இருக்கிறது போலும்.

இவர்கள் சின்னப் பிள்ளைகள், கல்லூரி மாணவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் நாளைக்கு இருபது முறை ‘சாப்பிட்டாயா’, ‘வகுப்புக்குப் போனாயா’ என்று செய்தி அனுப்பிவிட்டு, வாரக் கணக்கில் குரலே கேட்காமல் இருப்பதைவிட, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆற அமரப் பேசுவது மேல் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு காரணம்.

இப்போது அழைப்பின் மறுமுனைக்கு வருவோம். என் மகள் முதல் செமஸ்டரில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்கு அழுதுகொண்டே கூப்பிட்டாள். “என்னால முடியலப்பா, நான் வந்துடறேன்” என்றாள். அரைமணி நேரம் பேசினோம். அவள் வைத்துவிட்டாள். நானும் என் மனைவியும் விடிய விடியத் தூங்கவில்லை. எட்டு மணிக்கு நானே கூப்பிட்டேன். “என்னப்பா இவ்ளோ காலைல?” என்றாள், வாயில் பிரஷ்ஷோடு. ராத்திரி எதற்கு அழுதாள் என்பதை நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

இதில் ஒரு புள்ளியியல் சிக்கல் ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் எப்போது கூப்பிடுகிறார்கள்? மனம் கனக்கும்போது. சிரித்துக்கொண்டு நண்பர்களோடு உட்கார்ந்திருக்கும்போது வீட்டு நினைப்பு வருவதில்லை. அதனால் பெற்றோர் காதில் விழுவது அந்த வாரத்தின் அடிமட்டம் மட்டும். ஐந்து அழைப்புகள், ஐந்திலும் அழுகை என்றால், வாரம் முழுக்க அழுதுகொண்டே இருக்கிறாள் என்று நம் மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. நோயாளிகளை மட்டுமே பார்க்கும் மருத்துவருக்கு ஊரே நோயில் கிடப்பதுபோலத் தோன்றுமே, அப்படி. போதாக்குறைக்கு, அழைப்பு தன் வேலையைச் செய்துவிட்டது: அவள் பாரத்தை இறக்கி வைத்தாள், நாங்கள் சுமந்துகொண்டோம். அவள் தூங்கினாள் என்பதே அது வேலை செய்ததற்குச் சாட்சி.

இரவு நேரம் வேறு விஷயத்தைப் பெரிதாக்கும். பருவ வயது தொடங்கியதிலிருந்து உடம்பின் கடிகாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தள்ளிப் போகிறது. ஜெர்மன் ஆய்வாளர் டில் ரோனபெர்க் குழுவினர் 2004-இல் வெளியிட்ட கணக்குப்படி, பெண்களுக்கு 19½ வயதிலும் ஆண்களுக்கு 21 வாக்கிலும் அது உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதன்பின் முன்னோக்கித் திரும்புகிறது. அதாவது முதலாமாண்டு மாணவர், வாழ்க்கையிலேயே மிகத் தாமதமாகத் தூக்கம் வரும் வயதை நெருங்கிக்கொண்டிருக்கிறார், வகுப்போ காலையிலேயே தொடங்கிவிடுகிறது. விளைவு, தூக்கக் கடன். சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், மனதைக் கலக்கும் படங்களுக்கு அமிக்டலா என்ற உணர்ச்சி மையம் 60 விழுக்காடு கூடுதலாகத் துள்ளியது. அதைக் கடிவாளம் போட்டு வைக்கும் மூளையின் முன்பகுதியோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு விதி வந்தது: ராத்திரியில் கேட்டுக்கொள்வோம், முடிவெல்லாம் காலையில்தான். ஹாஸ்டலை மாற்றுவது, படிப்பையே விடுவது எல்லாம் இதில் அடக்கம்.

கேட்டுக்கொள்வது என்பதுதான் சொல்லச் சுலபம். ரூம்மேட் விடிய விடிய விளக்கைப் போட்டு வைக்கிறான் என்று மகன் சொன்னதும், வார்டன் நம்பரைத் தேடுகிறது அப்பாவின் கை. பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடும். ஆனால் மகனுக்கு என்ன மிஞ்சியது? ஒரு காரியத்தைத் தன்னால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா 1977-இல் எழுதினார். பிறர் தைரியம் சொல்வதும், பிறரைப் பார்ப்பதும் ஓரளவு உதவும். எல்லாவற்றையும்விட வலுவானது, தானே முயன்று சமாளித்த அனுபவம். ரூம்மேட்டிடம் முதல் தடவை திக்கித் திணறிப் பேசுவதில்தான் அது சேர்கிறது. “நான் ஏதாவது செய்யணுமா, இல்ல சும்மா கேட்டா போதுமா?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இரண்டாவதாக இருக்கும். முதலாவதாக இருந்தாலும், என்ன பேசலாம் என்று போனிலேயே ஒத்திகை பார்க்கலாம். பேச வேண்டியது மகன்தான்.

‘எனக்கு மட்டும்தான் இப்படி’ என்ற எண்ணம் தனி வகை. எல்லாரும் கூட்டாளி சேர்த்துவிட்டார்கள், நான்தான் இங்கே பொருந்தவில்லை என்பது. வால்டன், கோஹன் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க முதலாமாண்டு மாணவர்களிடம், சீனியர்கள் சொன்ன அனுபவங்களைப் படிக்கக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது என்பதே அவற்றின் சாரம். அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதவும் சொன்னார்கள். மொத்தம் சுமார் ஒரு மணி நேரம். 2011-இல் வெளியான முடிவுகளின்படி, அதில் பங்கெடுத்த கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று ஆண்டுகளில் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: சொன்னவர்கள் சீனியர்கள். இதையே நாம் சொன்னால் அறிவுரைக் கணக்கில் போய்விடும். அக்கா முறையோ அண்ணன் முறையோ, இரண்டு மூன்று வருடம் முன்னால் ஹாஸ்டலில் இருந்தவர் யாராவது இருந்தால் பேச வையுங்கள்.

வீட்டுக்கு வருவதற்குத் தேதி குறித்துவிடுவது நல்லது. ‘எப்போது வேண்டுமானாலும் வந்துவிடு’ என்பது அன்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு மாலையும் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய வேலையையும் சேர்த்துக் கொடுக்கிறது. நான்கு வாரம் கழித்து இந்தச் சனிக்கிழமை என்றிருந்தால், வழியும் திறந்திருக்கிறது, இன்று இங்கே இருக்கவும் முடிகிறது.

இவ்வளவும் சாதாரண ஏக்கத்துக்கு. வாரங்கள் போயும் ஏக்கம் குறையாமல் கூடிக்கொண்டே போனால், அறையைவிட்டு வெளியே வராமல், வகுப்புக்குப் போகாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுக் கிடந்தால், அது வேறு. கல்லூரியின் மனநல ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்க வேண்டும். ‘இருந்து என்ன பிரயோஜனம்’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் ஒத்திகை, காலை வரை பொறுப்பது எதுவும் கிடையாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அந்த நிமிடமே பக்கத்தில் ஆள் இருக்கும்படி வார்டனையோ நண்பரையோ அனுப்பிவிட்டு, மருத்துவ உதவிக்குச் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு: அழைப்புகள் குறைகின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து 2022-இல் வெளியான ஒரு மூளை ஆய்வில், 7 முதல் 12 வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு அம்மாவின் குரல் கேட்டால் இன்பத்தோடு தொடர்புடைய மையங்கள் கூடுதலாகச் சுறுசுறுப்பாயின. 13 முதல் 16 வயதுவரையுள்ளவர்களுக்கு அதே மையங்கள், முன்பின் கேட்டிராத குரல்களுக்கே அதிகம் சுறுசுறுப்பாயின. இரண்டாம் செமஸ்டரில் என் மகள் தொடர்ந்து ஆறு நாள் கூப்பிடவில்லை. ஏழாம் நாள் நான் கூப்பிட்டபோது பின்னணியில் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “அப்பா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள். அன்று இரவும் என் மனைவி தூங்கவில்லை. நான் தூங்கினேன்.