மாமூல் என்பது கையூட்டு அல்ல

‘கடைக்காரர்கள் காவலருக்கு மாதந்தோறும் கையூட்டு அளித்து வந்தனர்.’ போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் படித்த வரி இது. ஆங்கில மூலத்திலேயே மாமூல் என்றுதான் இருந்தது. செய்திகளிலும் இதே மாற்றத்தைப் பல முறை பார்த்துவிட்டேன். தூய தமிழில் எழுத வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இங்கே அந்த ஆசை யார் குற்றவாளி என்பதையே மாற்றிவிடுகிறது.

மாமூல் அரபுச் சொல். ‘செய்’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த செயப்பாட்டு வடிவம். வழக்கமானது என்ற பொருளோடு பாரசீகம், உருது வழியாக இங்கே வந்தது. வக்கீல், ஜாமீன், ஜப்தி, அமீனா, நகல் எல்லாம் வந்த வழிதான். பழைய சென்னை மாகாணத் தீர்ப்புகளில் பாசன உரிமைக்கும் கோயில் மரியாதைக்கும் மாமூலைத்தான் ஆதாரமாகக் காட்டுவார்கள். புயல் ஓய்ந்து ஊர் மாமூல் நிலைக்குத் திரும்பியது என்று இன்றும் சொல்கிறோம். அந்தக் கௌரவமான சொல்லைத்தான் போலீஸ் வசூலும் போர்த்திக்கொண்டது.

சரி, கையூட்டுக்கு வருவோம். கையில் ஊட்டுவது கையூட்டு. ஊட்டுகிறவர் யார்? கொடுப்பவர். அதாவது, செயல் முழுக்க அவர் தலையில் விழுகிறது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஓர் அக்கா தள்ளுவண்டியில் இட்லி விற்கிறார். ராத்திரி ஒன்பது மணிக்கு போலீஸ் பைக் வந்து நிற்கும், எஞ்சினை அணைக்க மாட்டார்கள். அக்கா பொட்டலத்தைக் கட்டி, நான்காக மடித்த நோட்டை வாழையிலைக்கும் செய்தித்தாளுக்கும் நடுவில் செருகி நீட்டுவார். ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. இந்த அக்காவா ‘ஊட்டினார்’?

லஞ்சம், கைக்கூலி, கையூட்டு மூன்றும் ஒரு வேலைக்கான விலை. எஃப்.ஐ.ஆரில் ஒரு பெயரை விட்டுவிட, கோர்ட்டில் தீர்ப்பு நகலைச் சீக்கிரம் வாங்க என்று கொடுப்பது. வேலை முடிந்தால் கணக்கு முடிந்தது. மாமூலுக்கு வேலையே கிடையாது. வண்டியைக் கவிழ்க்காமல் இருப்பதற்கான பணம் அது. அடுத்த வாரமும் கொடுக்க வேண்டும், ஏட்டு மாறினாலும் கொடுக்க வேண்டும்.

சட்டமே இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தை 2018இல் திருத்தியபோது லஞ்சம் கொடுப்பதையும் நேரடிக் குற்றமாக்கினார்கள். ஏழாண்டு வரை சிறை. ஆனால் கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் அவருக்கு அது பொருந்தாது. கொடுத்தாரா, பிடுங்கப்பட்டதா என்பதில் ஓர் ஆளின் சிறைவாசமே அடங்கியிருக்கும்போது, மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் போட்டுவிட்டுப் போவது எப்படிச் சரியாகும்?

‘வழக்கப்பணம்’ என்று ஒரு புதுச்சொல்லையும் சிலர் முன்வைக்கிறார்கள். மாமூலை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தது தவிர அதில் ஒன்றும் இல்லை. அரபுச் சொல்லில் இருந்த போர்வையை அப்படியே தமிழில் நெய்து தருகிறது. போதாக்குறைக்கு, கோர்ட் வழக்குக்கான செலவோ என்று வேறு மயக்கும். ‘மாதப்படி’ இன்னும் மோசம். பயணப்படி, பஞ்சப்படி போல அரசாங்கமே அனுமதித்தது என்று ஆகிவிடும். ‘அன்பளிப்பு’ பற்றிப் பேசவே எனக்கு மனமில்லை. அந்த அக்கா முகத்தில் எந்த அன்பையும் நான் பார்த்ததில்லை.

நம்மிடம் தண்டல் என்ற நல்ல சொல் இருக்கிறது. தண்டுதல் என்றால் வரியோ கடனோ வசூலித்தல். தண்டுகிறவர் இல்லாமல் தண்டல் இல்லை. எழுவாய் தானாக வந்து நிற்கும். வட்டிக்கு விடும் தினத்தண்டலோடு குழம்பும் என்பார்கள். காவலரையும் சேர்த்து எழுதினால் குழம்பாது. சாட்சி தன் வாயால் மாமூல் என்று சொன்னால் மேற்கோளில் அப்படியே விடலாம், அது அவர் பேச்சு. நாம் எழுதும் வரியில் இப்படி இருக்கட்டும்: ‘காவலர் கடைக்காரர்களிடம் மாதந்தோறும் பணம் தண்டி வந்தார்.’