ஒரு அணை, ஒன்பது திரைகள்

ஜூன் பிறந்துவிட்டால் தஞ்சாவூர், திருவாரூர் பக்கத்து டீக்கடைகளில் முதலில் வரும் பேச்சு "மேட்டூர் எத்தனை அடி?" என்பதுதான். முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. குறுவைக்கு ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். இதையெல்லாம் காட்டும் செயலி ஒன்றை மன்னார்குடியில் ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் நீர்மட்டம், உள்ளே வரைபடம், கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்குக்கும் எவ்வளவு கனஅடி போகிறது என்று தனிப் பக்கம், இப்படி ஒன்பது திரை.

ஒவ்வொரு திரையும் தனித்தனியாகத் தகவலை இறக்கிக்கொண்டால் என்ன ஆகும்? முகப்பு 98.4 அடி என்கும், வரைபடம் 97.9 என்கும். பார்ப்பவர் இரண்டையுமே நம்ப மாட்டார். அதனால் தரவைச் சேகரித்து வைக்கும் பின்னணிப் பொருள் (நிரலுக்குள் தரவையும் அதற்கான செயல்களையும் சேர்த்து வைத்திருக்கும் அலகு) ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், எல்லாத் திரையும் அதைத்தான் பார்க்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எண் மாறியது அந்த ஒன்பது திரைக்கும் எப்படித் தெரிகிறது?

க்யூட் என்ற மென்பொருள் கட்டமைப்பை எடுத்துக்கொள்கிறேன். அதன் 4.7-ஆம் பதிப்போடு 2010-ல் வந்தது க்யூ.எம்.எல். மொழி. கணக்கு, இணையத் தொடர்பு எல்லாம் சி பிளஸ் பிளஸில் இருக்கும், திரை க்யூ.எம்.எல்.-ல் இருக்கும். அதில் "எண் மாறினால் இந்த எழுத்தை மாற்று" என்று கட்டளை எழுதுவதில்லை. "இந்த எழுத்து என்பது அணையின் மட்டம்" என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இதற்கு பைண்டிங் என்று பெயர்.

சூட்சுமம் இந்த இடத்தில்தான். அந்த வரியை க்யூ.எம்.எல். இயந்திரம், அதாவது திரை நிரலைப் படித்து ஓட்டும் மென்பொருள் பகுதி, முதல் முறை கணக்கிடும்போது, எந்தெந்தப் பண்புகள் படிக்கப்படுகின்றன என்று கூடவே குறித்துக்கொள்கிறது. மட்டம் படிக்கப்பட்டதா? சரி, மட்டத்தின் நோட்டிஃபை சிக்னலோடு, அதாவது "மதிப்பு மாறிவிட்டது" என்று சொல்லும் அறிவிப்போடு, இந்த வரியை இணைத்துவிடும். பின்னணிப் பொருள் புது எண்ணை வைத்துக்கொண்டு அந்த சிக்னலை எழுப்பியதும், மட்டத்தைப் படித்த வரிகள் மட்டும் மறுபடி கணக்கிடப்படும். வரத்து கனஅடியை மட்டும் படித்த வரி அசையாது. திரைகளின் பெயர்கூடப் பின்னணிப் பொருளுக்குத் தெரியாது. ஒன்பது தொண்ணூறு ஆனாலும் அதன் நிரலில் ஒரு எழுத்து மாறாது.

சிக்னலை எழுப்ப மறந்தால் திரை பழைய எண்ணோடு உறைந்து நிற்கும், பிழைச்செய்தியும் வராது. எண் மாறாதபோதும் சிக்னலை எழுப்பிக்கொண்டே இருந்தால் வீண் வேலை. ஆகவே புது மதிப்பைப் பழையதோடு ஒப்பிட்டு, வேறாக இருந்தால் மட்டும் எழுப்புவதே முறை.

அந்தப் பொருளைத் திரைகளுக்குக் கொடுப்பதில் பழைய வழி, அதற்கு ஒரு பெயர் வைத்து எல்லா இடத்திலும் தெரியும்படி செய்துவிடுவது. இதை கான்டெக்ஸ்ட் பிராப்பர்ட்டி என்பார்கள். ஒரே வரியில் வேலை முடிந்துவிடும், அதனால் இன்னமும் பலர் விடுவதாக இல்லை. ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன வகைப் பொருள் இருக்கிறது என்று கருவிகளுக்குத் தெரியாது. மட்டம் என்பதை மட்ம் என்று எழுதிவிட்டால், அந்தத் திரையைத் திறக்கும்வரை தெரியாது. சிங்கிள்டன், அதாவது ஒன்றே ஒன்றாக இருக்கும் பொருள், என்று முறையாகப் பதிவு செய்தால் வகை தெரிந்துவிடும், தவறை முன்கூட்டியே சோதனைக் கருவி பிடித்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். க்யூட் 5.15-லிருந்து, வகுப்பின் (பொருளுக்கான வரையறையின்) தலைப்புக் கோப்பிலேயே இரண்டு குறிகள் போட்டால் இந்தப் பதிவு நடந்துவிடுகிறது.

இதிலும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். இயந்திரமே உருவாக்கும் சிங்கிள்டன், ஒரு இயந்திரத்துக்கு ஒன்று. செயலியில் இரண்டு க்யூ.எம்.எல். இயந்திரம் ஓடினால் அணையும் இரண்டாகிவிடும். அப்புறம், யாராவது முதல் முறை கேட்கும்போதுதான் அது பிறக்கிறது. முகப்பில் அதன் பேச்சே இல்லையென்றால், தரவு இறக்கம் இரண்டாம் பக்கத்தைத் திறந்த பிறகுதான் தொடங்கும்.

ஒரே பொருள் என்றாலே பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் நியாயம்தான், ஆனால் ஆபத்து அது ஒன்றாக இருப்பதில் இல்லை, கண்டவரும் அதில் எழுதுவதில் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீரை ஊரே பார்க்கலாம், ஷட்டரை ஏற்றி இறக்குவது பாசன ஊழியரான லஸ்கர்தான். அதே மாதிரி மட்டத்தைப் படிக்க மட்டும் திறந்துவிட்டு, "புதுப்பி" என்று ஒரு செயலை மட்டும் திரைக்குக் கொடுத்தால் போதும்.

திரைப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. பொத்தானை அழுத்தும்போது, எழுத்துப்பெட்டியில் "காத்திருக்கவும்" என்று நேரடியாக மதிப்பைத் திணித்தால், பைண்டிங் அந்தக் கணமே அறுந்துவிடும். அதன்பின் மட்டம் 120-ஐத் தொட்டாலும் அந்தப் பெட்டி காத்துக்கொண்டேதான் இருக்கும். "ஏற்றப்படுகிறது" என்பதையும் பின்னணிப் பொருளின் ஒரு பண்பாக வைத்து, பைண்டிங்கிலேயே அதையும் விசாரிப்பதுதான் வழி.

பல ஆண்டுத் தரவைப் பிரித்துப் படிப்பது போன்ற கனமான வேலையைத் தனி இழையில், அதாவது திரை வேலைக்கு இணையாக ஓடும் இன்னொரு ஓட்டத்தில், ஓட்டலாம். ஆனால் திரை பார்க்கும் பொருள் திரை இயந்திரத்தின் இழையிலேயே இருக்க வேண்டும். முடிவை சிக்னல் வழியாக அனுப்பினால், க்யூட் அதை வரிசையில் நிறுத்தி உரிய இழையில் கொண்டுவந்து சேர்க்கும்.

இவ்வளவும் செய்து வைத்தால் சோதனை சுலபம். அணை நிரம்பினால் வரும் சிவப்பு அறிவிப்பைப் பார்க்க மழைக்காலம்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதே பெயரில், அதே பண்புகளோடு, மட்டம் எப்போதும் 120 என்று சொல்லும் ஒரு பொம்மைப் பொருளைப் பதிவு செய்தால் ஒன்பது திரையையும் ஏப்ரலிலேயே பார்த்துவிடலாம். திரைக் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை.