பட்டறை விளக்கை வாங்குமுன் அதன் வயரைப் பாருங்கள்

கோவை கணபதி, ஆவாரம்பாளையம் பகுதிகளில், வீட்டின் பின்கட்டிலேயே ஒரு லேத்தையும் கிரைண்டரையும் வைத்துத் தொழில் செய்பவர்களிடம் வயரிங் வேலைக்குச் செல்லும்போது, நான் முதலில் கவனிப்பது அவர்கள் கையில் தூக்கித் திரியும் விளக்கைத்தான். பெரும்பாலும் அது கம்பிக் கூண்டுக்குள் ஒரு பல்பு, இரண்டு கோர் வயர், நடுவே டேப் சுற்றிய ஓர் இணைப்பு, முனையில் டூ பின் பிளக் என்றுதான் இருக்கும். கடையில் எத்தனை வாட் என்று கேட்பவர்கள், வயர் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. சுவரில் பொருத்திய விளக்கு அசையாது. இதுவோ நாள்தோறும் இழுபட்டு, மிதிபட்டு, எண்ணெயில் கிடப்பதால், வயர் விளக்குக்குள் நுழையும் இடத்தில்தான் பழுது தொடங்குகிறது. அந்த இடத்தில் வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட் இருக்கிறதா என்று கடையிலேயே லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் உறையிட்ட வயர் இன்னும் நல்லது.

விளக்கின் உடல் உலோகமானால், எர்த்துக்கென ஒரு கம்பியும் சேர்ந்த மூன்று கோர் வயரும் த்ரீ பின் பிளக்கும் வேண்டும். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த குறி இருந்தால் மட்டுமே, அது எர்த் தேவைப்படாத இரட்டைக் காப்பு விளக்கு. அந்தக் குறியும் எர்த்தும் இல்லாத அலுமினிய ஃபோகஸ் லைட் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம் என்பேன். உள்ளே ஃபேஸ் வயரின் உறை கிழிந்து உடலைத் தொட்டாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், 230 வோல்ட் அங்கே நிற்பது அடுத்துத் தொடுபவருக்குத்தான் தெரியும். பட்டறை லைனில் மின்கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருப்பது இதற்காகத்தான்.

பழைய 500 வாட் ஹாலஜன் விளக்கை மரத்தூள் உள்ள இடத்தில் வைக்கவே கூடாது; அதன் கண்ணாடி அவ்வளவு கொதிக்கும். எல்இடி வாங்கும்போது வேறொன்றைப் பார்க்க வேண்டும். லேத்தில் வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் சக் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிகிறதே, கண்ணில் கோளாறா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கோளாறு அவர் புதிதாக வாங்கிய மலிவு விளக்கில் இருந்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் நல்ல டிரைவர் இல்லாத எல்இடி நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். மூன்று ஜா (பொருளைக் கவ்வும் தாடை) கொண்ட சக் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால், நொடிக்குச் சரியாக 100 ஜாக்கள் ஒரே இடத்தைக் கடக்கும். சக் நின்றுவிட்டதுபோலவே தோன்றும். வேகம் சற்றுக் குறைந்தால் பின்னோக்கி ஊர்வதுபோல் தெரியும். பக்கத்தில் வேறு இயந்திரங்கள் ஓடும் இரைச்சலில் காதும் உதவாது. விளக்கைக் கடையிலேயே எரியவிட்டு, மொபைல் கேமராவில் பாருங்கள். கறுப்புப் பட்டைகள் ஓடினால் அதை லேத் அருகே வைக்காதீர்கள்.

கிரைண்டர் தூசிக்கு, தூசி உள்ளே புகாத ஐபி 65 தரம் போதும். ஈரத் தரையிலும் இரும்புத் தொட்டிக்குள்ளும் வேலை செய்வோருக்கு, உள்வரும், வெளிவரும் கம்பிச் சுற்றுகள் தனித்தனியாக உள்ள டிரான்ஸ்ஃபார்மருடன் 24 வோல்ட் ஹேண்ட் லேம்ப்தான் சரி. பேட்டரி விளக்கும் ஆகும், ஆனால் அதைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம். பெட்ரோலோ தின்னரோ திறந்திருக்கும் இடத்துக்கு, இதுவரை சொன்ன எந்த விளக்கும் பொருந்தாது. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும்; நாம் விளக்கை வைப்பதும் அதே தரையில்தான். உள்ளே தீப்பொறி எழுந்தாலும் வெளியே பரவவிடாத ஃப்ளேம் ப்ரூஃப் விளக்கு அங்கே இல்லையென்றால், கதவைத் திறந்து ஆவி வெளியேறும்வரை எந்த விளக்கையும் உள்ளே கொண்டுபோகாதீர்கள்.